லினக்ஸில் பூட் லோடர் அப்கிரேட்: பார்மேட் செய்யும் முன் இதைப் படியுங்கள்!

2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் வாரம். ஊரடங்கு காலம். பள்ளிகள் மூடிக் கிடந்தன. நாகர்கோவில் வடசேரியில் உள்ள எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் பிளஸ் டூ படித்த அண்ணன் மகள் தினமும் காலையில் ஆன்லைன் வகுப்பில் சேருவாள். அன்றும் வழக்கம்போல் ஸ்விட்சைப் போட்டாள். லினக்ஸ் திரை வரவில்லை. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரிகள். கடைசி வரியில் "கிரப் ரெஸ்கியூ" என்ற சொற்கள். அதன் பக்கத்தில் கண் சிமிட்டிக் கொண்டிருக்கும் கர்சர்.

"சித்தப்பா, எனக்க நோட்ஸ் எல்லாம் போச்சா?" என்று கேட்டபோது அவள் குரல் உடைந்திருந்தது.

நோட்ஸ் மட்டுமல்ல. 2017-இல் ஒக்கி புயலில் சாய்ந்துபோன தென்னை மரங்கள் நின்ற பழைய தோப்பின் படங்கள், மறைந்துபோன ஆச்சியின் படங்கள் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. வேறு எங்கும் நகல் இல்லை. தெரிந்த கடைக்குப் போன் செய்தோம். "ஹார்ட் டிஸ்க் போயிருக்கும் சார். பார்மேட் பண்ணி புதுசா ஓஎஸ் போடணும். டேட்டாவுக்கு கேரண்டி கிடையாது" என்றார்கள்.

அன்று மதியத்துக்குள் அந்தக் கம்ப்யூட்டர் பழையபடி இயங்கியது. பார்மேட் செய்யவில்லை. ஒரு பைல் கூடப் போகவில்லை. கெட்டுப் போயிருந்தது ஹார்ட் டிஸ்க் அல்ல. முந்தின இரவு அப்கிரேட் ஆன பூட் லோடர். அதற்குக் காரணமும் நான் முன்பு செய்து வைத்திருந்த ஒரு குறுக்கு வழிதான்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனமில்லாமல் அதில் லினக்ஸ் போட்டுக்கொண்ட வீடுகள் பல. அப்படி லினக்ஸுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. பூட் லோடர் என்பது என்ன, அதை எப்போது அப்கிரேட் செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும், தவறிப் போனால் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பூட் லோடர் என்பது என்ன?

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் நிற்கிறது. அது நேராக உங்கள் வயலுக்கு வந்துவிடுவதில்லை. புத்தன் அணைக்கு வந்து, சானல்களில் பிரிந்து, குளத்தில் நிறைந்து, கடைசியில் ஒரு மடை வழியாகத்தான் வயலில் பாய்கிறது. மடையைத் திறந்தால்தான் பாய்ச்சல்.

கம்ப்யூட்டரிலும் இப்படித்தான். பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் உள்ள பயாஸ். அது நினைவகம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று சோதிக்கிறது. பிறகு எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்க வேண்டும் என்று தன்னிடம் உள்ள வரிசையைப் பார்த்து, அந்த டிஸ்க்கில் உள்ள ஒரு சிறிய புரோகிராமை இயக்குகிறது. அந்தச் சிறிய புரோகிராம்தான் பூட் லோடர். லினக்ஸின் கெர்னலை டிஸ்க்கிலிருந்து எடுத்து நினைவகத்தில் ஏற்றி, "இனி உன் பொறுப்பு" என்று ஒப்படைத்துவிட்டு அது ஒதுங்கிக் கொள்கிறது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கம்ப்யூட்டரில் எது வேண்டும் என்று கேட்கும் மெனுவைக் காட்டுவதும் இதுதான்.

நம் ஊரில் பலர் இந்த மெனுவை முதன்முதலில் பார்த்தது அரசு தந்த இலவச லேப்டாப்பில்தான். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் தரப்பட்ட லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. ஆன் செய்ததும் இரண்டு பெயர்கள் கொண்ட ஒரு பட்டியல் வந்து சில விநாடிகள் காத்திருக்குமே, அது பூட் லோடரின் வேலை.

மடை அடைத்துக் கொண்டால் வயல் காயும். அதற்காகக் குளத்தில் தண்ணீரே இல்லை என்று யாராவது சொல்வார்களா? பூட் லோடர் கெட்டால் உங்கள் பைல்கள் போய்விட்டன என்று அர்த்தமில்லை. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக் கொண்டாலே பாதிப் பயம் போய்விடும்.

லிலோவிலிருந்து கிரப் 2 வரை

1990-களில் லினக்ஸ் பயன்படுத்தியவர்களுக்கு லிலோ என்ற பூட் லோடர் தெரிந்திருக்கும். கெர்னல் டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அது எண்ணாகக் குறித்து வைத்துக் கொள்ளும். அதனால் கெர்னல் மாறும்போதெல்லாம் மறக்காமல் லிலோ கட்டளையை மறுபடி இயக்க வேண்டும். மறந்தால் கம்ப்யூட்டர் எழாது.

கிரப் 1995-இல் எரிக் போலின் என்பவர் எழுதத் தொடங்கியது. இது டிஸ்க்கில் உள்ள போல்டர்களையும் பைல்களையும் தானே படிக்கும் திறன் கொண்டது. கெர்னல் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துவிடும். பின்னர் அதை முழுவதுமாகத் திருத்தி எழுதியதுதான் கிரப் 2. 2009 அக்டோபரில் வந்த உபுண்டு 9.10 இதையே தன் வழக்கமான பூட் லோடராக ஆக்கிக் கொண்டது. இன்று உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன், பெடோரா என்று வீடுகளில் பயன்படும் லினக்ஸ்களில் பெரும்பாலானவை கிரப் 2-ஐத்தான் பயன்படுத்துகின்றன. லிலோவை மேம்படுத்தும் வேலை 2015 டிசம்பருடன் நிறுத்தப்பட்டது.

ஒரே புரோகிராம், இரண்டு துண்டுகள்

அப்கிரேட் ஏன் சில நேரம் சொதப்புகிறது என்பதைப் புரிந்துகொள்ள, கிரப் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

பயாஸ் உள்ள பழைய கம்ப்யூட்டர்களில் டிஸ்க்கின் முதல் 512 பைட் பகுதிக்கு எம்பிஆர் என்று பெயர். இதில் 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கும், 2 பைட் அடையாள முத்திரைக்கும் போய்விடும். புரோகிராமுக்கு மிஞ்சுவது 446 பைட்தான். நீங்கள் படிக்கும் இந்தப் பத்தியைச் சேமிக்கவே அதைவிட அதிக இடம் வேண்டும்! அந்தச் சிறிய இடத்தில் முழு பூட் லோடரை அடைக்க முடியாது. அதனால் கிரப் தன்னை இரண்டாகப் பிரித்துக் கொள்கிறது.

முதலாவது, தலைத்துண்டு. இது எம்பிஆரிலும், அதை அடுத்து முதல் பார்ட்டிஷன் தொடங்கும் வரை காலியாக உள்ள இடத்திலும் இருக்கும். இது பைல் அல்ல. எந்தப் போல்டரிலும் இது உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது, பைல் துண்டு. இது லினக்ஸ் பார்ட்டிஷனில் /பூட்/கிரப் என்ற போல்டரில் சாதாரண பைல்களாக இருக்கும். மெனு, எழுத்துரு, பல வகை பைல் அமைப்புகளைப் படிக்கும் மாட்யூல்கள் எல்லாம் இங்கேதான்.

தலைத்துண்டு முதலில் இயங்கி, பைல் துண்டை அழைத்துச் சேர்த்துக் கொள்ளும். இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ஒன்று புதியதாகவும் மற்றது பழையதாகவும் இருந்தால், புது மடைக்குப் பழைய திருகைப் போட்ட கதைதான். சுற்றினாலும் திறக்காது.

விண்டோஸ் 8 வந்த 2012-க்குப் பிறகு பரவலான யூஇஎப்ஐ கம்ப்யூட்டர்களில் நிலைமை கொஞ்சம் மாறுபடும். அங்கே இஎப்ஐ என்ற தனி பார்ட்டிஷன் இருக்கும். பூட் லோடர் அதில் ஒரு பைலாகவே இருக்கும். எந்தப் பைலை இயக்க வேண்டும் என்ற பட்டியல் மதர்போர்டின் நினைவில் இருக்கும். கூடவே செக்யூர் பூட் என்ற காவல்காரனும் உண்டு. கையெழுத்துச் சரியாக உள்ள பூட் லோடரை மட்டுமே அது உள்ளே விடும். லினக்ஸ்கள் இதற்காக ஷிம் என்ற சிறிய புரோகிராமை முன்னால் அனுப்பி, அதன் பின்னால் கிரப்பை அழைத்து வருகின்றன.

அப்கிரேட் எதற்காக?

நன்றாக ஓடிக் கொண்டிருக்கும் பூட் லோடரை ஏன் தொட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புதிய பதிப்பு வந்துவிட்டது என்பது மட்டும் காரணமாகாது. மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, பாதுகாப்பு. இரண்டு, புதிய வகை டிஸ்க் அல்லது பைல் அமைப்புக்கு மாறும்போது பழைய கிரப்பால் அதைப் படிக்க முடியாமல் போகலாம். மூன்று, லினக்ஸையே அடுத்த பதிப்புக்கு மாற்றும்போது கிரப்பும் சேர்ந்து மாறும்.

இந்த மூன்றிலும் உங்கள் லினக்ஸே தன் வழக்கமான அப்டேட் மூலம் புதிய கிரப்பைத் தந்துவிடும். இணையத்தில் தேடி மூல நிரலை இறக்கி நீங்களே தொகுத்துப் போட வேண்டிய அவசியம் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இல்லவே இல்லை. உங்கள் வேலை, அப்டேட் சரியான இடத்தில் போய் உட்கார்ந்ததா என்று பார்ப்பதுதான்.

2020 ஜூலையில் நடந்தது

2020 ஜூலை 29-ஆம் தேதி எக்லிப்சியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் கிரப் 2-இல் ஒரு ஓட்டை இருப்பதை அறிவித்தது. அதற்கு வைத்த பெயர் பூட்ஹோல். கிரப் தன் அமைப்புப் பைலைப் படிக்கும் விதத்தில் இருந்த பிழை அது. கம்ப்யூட்டரில் நிர்வாகி உரிமை பெற்றுவிட்ட ஒருவர், அந்தப் பைலை மாற்றி எழுதி, செக்யூர் பூட்டையும் ஏமாற்றி, ஆபரேட்டிங் சிஸ்டம் எழும் முன்பே தன் புரோகிராமை இயக்கிவிட முடியும். உபுண்டு, டெபியன், ரெட்ஹேட், சூசே என எல்லோரும் திருத்திய கிரப்பை வெளியிட்டார்கள்.

திருத்தம் வந்தது, கூடவே தலைவலியும் வந்தது. ரெட்ஹேட், சென்ட்ஓஎஸ் போட்டிருந்த கம்ப்யூட்டர்கள் சில அப்டேட்டுக்குப் பின் எழவே இல்லை. திருத்திய ஷிம் வந்த பிறகுதான் அது சரியானது. டெபியன், உபுண்டு வகைகளில் வேறு விதமான சிக்கல். புதிய கிரப்பில் நினைவகத்தைப் பாதுகாப்பாக ஒதுக்குவதற்கு கிரப்_கேலக் என்ற புதிய செயற்கூறு சேர்க்கப்பட்டிருந்தது. பைல் துண்டில் உள்ள புதிய மாட்யூல்கள், தலைத்துண்டிடம் இதைக் கேட்கும். தலைத்துண்டு பழையதாக இருந்தால் அதனிடம் அது இருக்காது. "சிம்பல் கிரப்_கேலக் நாட் பவுண்ட்" என்று சொல்லிவிட்டு கிரப் ரெஸ்கியூவில் போய் நின்றுவிடும்.

எங்கள் வீட்டுத் திரையில் இருந்ததும் இதே வரிதான். எப்படி வந்தது? எங்கள் கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க்குகள். பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸும் படங்களும். புதிதாக வாங்கிய 240 ஜிபி எஸ்எஸ்டி-யில் லினக்ஸ். கிரப்பை எஸ்எஸ்டி-யின் தலையில்தான் போட்டிருந்தேன். ஆனால் பயாஸ் பழைய டிஸ்க்கையே முதலில் பார்த்ததால் மெனு வராமல் நேராக விண்டோஸ் வந்தது. பயாஸுக்குள் போய் வரிசையை மாற்றியிருக்க வேண்டும். சோம்பல்பட்டு, பழைய டிஸ்க்கின் தலையிலும் கிரப்பை எழுதிவிட்டேன். மெனு வந்துவிட்டது, நானும் மறந்துவிட்டேன்.

அப்டேட் செய்யும் புரோகிராமுக்கு எஸ்எஸ்டி மட்டும்தான் நினைவில் இருந்தது. அதன் தலைத்துண்டும் /பூட்/கிரப் போல்டரும் ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டன. பழைய டிஸ்க்கின் தலையில் நான் எழுதியது அப்படியே பழையதாகக் கிடந்தது. பயாஸ் அதைத்தான் முதலில் இயக்கியது. பழைய தலை, புதிய உடல்!

2024-இல் இன்னொரு பாடம். ஆகஸ்ட் 13-ஆம் தேதி வந்த விண்டோஸ் அப்டேட், ஓட்டையுள்ள பழைய பூட் லோடர்களைத் தடுக்கும் ஒரு பட்டியலைப் போட்டது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்துள்ள கம்ப்யூட்டர்களை அது தொடாது என்று மைக்ரோசாப்ட் கூறியிருந்தது. ஆனால் அப்படிப்பட்ட பல கம்ப்யூட்டர்களிலும் லினக்ஸ் எழாமல், ஷிம் சோதனை தோற்றது என்ற செய்தி வந்தது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸில் நுழைந்து, ஷிம்மையும் கிரப்பையும் புதுப்பித்துப் பலர் சரி செய்து கொண்டார்கள். லினக்ஸ் பூட் லோடரைப் புதுப்பிக்காமலேயே விட்டுவைப்பதும் ஒரு நாள் சிக்கலைத் தரலாம் என்பது இதில் தெரிந்தது.

தொடங்கும் முன் ஆறு வேலைகள்

1. பேக்கப். முக்கியமான பைல்களைப் பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ நகல் எடுங்கள். பூட் லோடர் வேலையில் பைல்கள் அழிவது அரிது. ஆனால் பயத்தில் யாராவது பார்மேட் செய்துவிடுவது அரிதல்ல.

2. மின்சாரம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் இடைவிடாமல் சுற்றினாலும், வீட்டில் கரண்ட் போகும் நேரத்தை யாரும் சொல்ல முடியாது. தலைத்துண்டு எழுதப்படும் அந்தச் சில விநாடிகளில் கரண்ட் போனால் சிக்கல். யுபிஎஸ் இருக்க வேண்டும். லேப்டாப் என்றால் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். காற்றும் மழையுமான நாளில் இந்த வேலை வேண்டாம்.

3. லைவ் பென் டிரைவ். உங்கள் லினக்ஸின் ஐஎஸ்ஓ பைலை 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கம்ப்யூட்டர் எழுகிறதா என்று இப்போதே சோதித்து வையுங்கள். கம்ப்யூட்டர் படுத்த பிறகு இதைத் தயாரிக்க அடுத்த வீட்டுக்குத்தான் ஓட வேண்டியிருக்கும்.

4. உங்களுடையது பயாஸா, யூஇஎப்ஐயா? பைல் மேனேஜரில் /சிஸ்/பர்ம்வேர் என்ற போல்டரைத் திறந்து பாருங்கள். உள்ளே இஎப்ஐ என்ற போல்டர் இருந்தால் லினக்ஸ் யூஇஎப்ஐ முறையில் எழுந்திருக்கிறது. இல்லாவிட்டால் பயாஸ் முறை.

5. பூட் வரிசை. பயாஸ் திரைக்குள் சென்று எந்த டிஸ்க் முதலில் உள்ளது என்று பாருங்கள். மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

6. பிட்லாக்கர். விண்டோஸ் 11 சேர்ந்திருந்தால் அதன் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். பூட் அமைப்பை மாற்றினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அதை முன்பே தாளில் எழுதி வையுங்கள்.

அப்கிரேட் செய்யும் முறை

உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன், பாஸ் ஆகியவற்றுக்கு ஏற்ற முறை இது. கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்துள்ளோம். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்து எண்டர் தட்டுங்கள். சூடோ என்பது எஸ், யு, டி, ஓ என்ற நான்கு எழுத்துகள். நிர்வாகி உரிமையுடன் செய் என்று அதற்குப் பொருள். உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். டைப் செய்யும்போது திரையில் எதுவும் தெரியாமல் இருக்கலாம். பயப்பட வேண்டாம்.

முதலில் டெர்மினலைத் திறந்து "சூடோ ஆப்ட் அப்டேட்" என்றும், அது முடிந்ததும் "சூடோ ஆப்ட் அப்கிரேட்" என்றும் தாருங்கள். புதிய கிரப் இருந்தால் பட்டியலில் தெரியும். சம்மதம் கேட்டால் ஒய் எழுத்தைத் தட்டுங்கள்.

யூஇஎப்ஐ கம்ப்யூட்டர் என்றால் பெரும்பாலும் இத்துடன் வேலை முடிந்தது. புதிய கிரப்பும் ஷிம்மும் இஎப்ஐ பார்ட்டிஷனில் தாமே போய்ச் சேரும். டிஸ்க்கின் பெயரைத் தர வேண்டியதில்லை.

பயாஸ் கம்ப்யூட்டர் என்றால் இன்னும் சில படிகள் உண்டு. எல், எஸ், பி, எல், கே என்ற ஐந்து எழுத்துகளை இடைவெளி இல்லாமல் டைப் செய்து எண்டர் தட்டினால், இணைக்கப்பட்டுள்ள டிஸ்க்குகள் அளவுடன் பட்டியலாகும். முதல் டிஸ்க் எஸ்டிஏ, அடுத்தது எஸ்டிபி என்று இருக்கும். அளவைப் பார்த்து எது எது என்று ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள்.

அடுத்து "சூடோ டிபிகேஜி-ரீகான்பிகர் கிரப்-பிசி" என்று தாருங்கள். திரையில் சில கேள்விகள் வரும். முதலில் வருபவற்றை மாற்றாமல் எண்டர் தட்டிச் செல்லலாம். கடைசியில் எந்த டிஸ்க்குகளில் கிரப்பை எழுத வேண்டும் என்று கேட்கும். பயாஸ் முதலில் பார்க்கும் டிஸ்க் எதுவோ அதை ஸ்பேஸ் பாரால் தேர்வு செய்திடுங்கள். இங்கே தேர்வு செய்பவைதான் அடுத்தடுத்த அப்டேட்களுக்கும் நினைவில் இருக்கும். நான் தவறவிட்ட படி இதுதான்.

கவனம்: எஸ்டிஏ என்பது முழு டிஸ்க். எஸ்டிஏ1 என்பது அதில் உள்ள ஒரு பார்ட்டிஷன். கிரப்பை முழு டிஸ்க்கின் தலையில்தான் எழுத வேண்டும். எண் சேர்ந்த பெயரைத் தேர்வு செய்யாதீர்கள். பென் டிரைவ் செருகியிருந்தால் அதுவும் பட்டியலில் வரும், முன்பே எடுத்துவிடுங்கள்.

இறுதியாக "சூடோ அப்டேட்-கிரப்" என்று தாருங்கள். மெனுவில் வர வேண்டிய கெர்னல்களின் பெயர்கள் திரையில் ஓடும். பிறகு ரீஸ்டார்ட் செய்திடுங்கள்.

விண்டோஸைக் காணோம்!

அப்கிரேட் நல்லபடி முடிந்தும் மெனுவில் விண்டோஸ் இல்லையா? 2021 ஜூனில் வந்த கிரப் 2.06 பதிப்பிலிருந்து, மற்ற ஆபரேட்டிங் சிஸ்டங்களைத் தேடும் வசதி பாதுகாப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டது. விண்டோஸ் அப்படியே இருக்கிறது. பட்டியலில்தான் பெயர் இல்லை. /இடிசி/டிபால்ட் போல்டரில் உள்ள கிரப் என்ற பைலை நிர்வாகி உரிமையுடன் திறந்து, "கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_புரோபர்=பால்ஸ்" என்ற வரியைச் சேருங்கள். சமக்குறிக்கு முன் உள்ளவை பெரிய எழுத்துகளிலும், பின் உள்ளது சிறிய எழுத்துகளிலும் இருக்க வேண்டும். இதே வரி முன்னால் ஒரு # குறியுடன் ஏற்கெனவே இருந்தால் அந்தக் குறியை நீக்கினால் போதும். சேமித்துவிட்டு மறுபடி "சூடோ அப்டேட்-கிரப்" தாருங்கள்.

கறுப்புத் திரை வந்தால்?

முதலில், கம்ப்யூட்டரைத் திரும்பத் திரும்ப ஆப் செய்து ஆன் செய்வதை நிறுத்துங்கள். திரையில் உள்ளதை மொபைலில் போட்டோ எடுங்கள். பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

கிரப் ரெஸ்கியூ திரையில் எல், எஸ் என்ற இரண்டு எழுத்துகளைத் தட்டி எண்டர் கொடுங்கள். அடைப்புக்குறிக்குள் எச்டி0, எச்டி1 என்பது போல் பெயர்கள் வரிசையாக வந்தால் உங்கள் டிஸ்க் உயிரோடு இருக்கிறது, பார்ட்டிஷன்களும் இருக்கின்றன என்று பொருள். "டிஸ்க் போய்விட்டது" என்று சொல்பவருக்கு இதுவே முதல் பதில்.

இரண்டு டிஸ்க்குகள் இருந்தால், ரீஸ்டார்ட் செய்யும்போது பூட் மெனுவை வரவழைத்து அடுத்த டிஸ்க்கைத் தேர்வு செய்து பாருங்கள். பல கம்ப்யூட்டர்களில் இதற்கு எப்12 அல்லது எப்11 கீ. யூஇஎப்ஐ என்றால் பட்டியலில் உங்கள் லினக்ஸின் பெயரே இருக்கும்.

அதுவும் சரிவராவிட்டால் லைவ் பென் டிரைவைச் செருகி அதிலிருந்து எழுப்புங்கள். எழுந்ததும் முதல் வேலையாக பைல் மேனேஜரில் உங்கள் டிஸ்க்கைத் திறந்து, ஹோம் போல்டரில் உள்ள முக்கியப் பைல்களை வேறு டிரைவுக்கு நகல் எடுங்கள். இன்ஸ்டால் என்ற பட்டனை மட்டும் தொடாதீர்கள்.

நகல் எடுத்த பிறகு ரிப்பேர். லினக்ஸ் மின்ட்டின் லைவ் பென் டிரைவில் பூட் ரிப்பேர் என்ற புரோகிராம் உள்ளேயே இருக்கிறது. அதைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்ட ரிப்பேர் என்ற பட்டனைக் கிளிக் செய்திடவும். டிஸ்க்கில் உள்ள லினக்ஸைக் கண்டுபிடித்து கிரப்பை மறுபடி எழுதித் தரும். புதியவர்களுக்கு இது போதும்.

இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் எழவில்லை என்றால் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். ஆனால் "பூட் லோடரை மட்டும் சரி செய்யுங்கள், பார்மேட் வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். நகல் கையில் இருந்தால் அந்த வார்த்தையைத் தைரியமாகச் சொல்லலாம்.

மதியம் நடந்தது

அன்று நானும் இந்த வரிசையில்தான் போனேன், முதலில் கொஞ்சம் பதறிவிட்டு. எல்எஸ் தட்டியதும் இரண்டு டிஸ்க்கும் தெரிந்தன. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. லைவ் பென் டிரைவில் எழுப்பி, ஆச்சியின் படங்கள் இருந்த போல்டரைத் திறந்தேன். எல்லாம் இருந்தன. படங்களையும் நோட்ஸையும் வேறு டிரைவில் நகல் எடுத்து முடிப்பதற்கே காலை முழுவதும் போய்விட்டது. பிறகு ரீஸ்டார்ட் செய்து, எப்12 தட்டி, எஸ்எஸ்டி-யைத் தேர்வு செய்தேன். அதன் தலைத்துண்டு புதியதல்லவா? வழக்கமான மெனு வந்தது. லினக்ஸும் எழுந்தது. பயாஸில் எஸ்எஸ்டி-யை முதலிடத்துக்கு மாற்றினேன். உண்மையான ரிப்பேர் வேலை மொத்தம் இரண்டு நிமிடம்.

அந்த இரண்டு நிமிடத்தை முன்பே செலவழித்து வரிசையை மாற்றியிருந்தால் அண்ணன் மகளுக்கு ஒரு நாள் காலை வகுப்புகள் போயிருக்காது. இன்று எங்கள் வீட்டில் அந்தப் படங்களுக்கு மூன்று நகல்கள் உண்டு. அவளிடம் ஒரு லைவ் பென் டிரைவும் இருக்கிறது. அதன் மேல் பிளாஸ்டர் ஒட்டி "மடைச் சாவி" என்று எழுதி வைத்திருக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்றைத் தயார் செய்து வையுங்கள். அப்கிரேட் அதற்கு அடுத்த வேலை.